தூரத்து மலை ஏன் நீலம்?

ராஜபாளையத்துக்கு நாயைப் பார்க்கப் போனேன். ஒரு பையனைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நாய் என்றால் சாதாரண நாய் அல்ல. பால் போன்ற வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். ராஜபாளையம் நாயின் லட்சணங்களை நேயர்கள் அறிவீர்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரும்படி ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார். பரம்பரையாக நாய் வளர்க்கும் பெரியவர் ஒருவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, காப்பியும் கொடுத்து, ஒரு விஷயம் சொன்னார்.

"சுத்த வெள்ளைக்குத்தான் சார் மவுசு. வெள்ளையோட வெள்ளையைச் சேர்த்துச் சேர்த்தே தலைமுறை தலைமுறையா வளர்த்துட்டாங்க. அதிலே என்ன ஆச்சுன்னா, சில குட்டிக்குப் பிறவியிலேயே காது கேக்காது. பார்க்க ராஜா மாதிரி நிக்கும். கூப்பிட்டாத் திரும்பாது."

குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அது நாய்க் கட்டுரைக்குப் பயன்படாமல் இந்தக் கட்டுரைக்குப் பயன்படப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் பிரயாணம். ராஜபாளையம் வரை வந்துவிட்டு ஆண்டாளைத் தரிசிக்காமலும், பால்கோவா வாங்காமலும் ஊர் திரும்பினால் வீட்டில் யார் பதில் சொல்வது?

முன் ஸீட்டில் ஒரு தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்குப் பதினோரு வயது இருக்கும். ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, இடது பக்கம் கூடவே ஓடி வந்த மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்த மலை கிட்டப் போனாப் பச்சையாத்தானே இருக்கு? இங்கேயிருந்து பார்த்தா மட்டும் ஏன் நீலமா இருக்கு?"

"மலைன்னா அப்படித்தான் இருக்கும். சும்மா வாடா."

"இல்லேம்மா. முன்னாலே இருக்கிறது பச்சை. அதுக்குப் பின்னாலே இருக்கிறது கொஞ்சம் நீலம். அதுக்கும் பின்னாலே இருக்கிறது ரொம்ப நீலம். வரிசையா வருது. அப்போ தூரத்துக்கும் நிறத்துக்கும் ஏதோ கணக்கு இருக்கு."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, ஏதோ குற்றம் செய்துவிட்டவரைப் போல, "கோவிச்சுக்காதீங்க சார். காலையிலே கண் முழிச்சா ராத்திரி கண் மூடற வரைக்கும் இதே தொணதொணப்புத்தான்" என்றார்.

பையன் அதற்குள் ஸீட்டில் மண்டியிட்டுத் திரும்பிவிட்டான். "மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

நான் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவன். பத்திரிகைக்காரன் வேறு. தெரியாததையும் தெரிந்த மாதிரி நாலு பக்கம் எழுதக் கூடியவன்! ஆனாலும் அந்தக் கண்களைப் பார்த்தபோது புளுக மனம் வரவில்லை.

"தெரியாதுப்பா" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்க முடியாது. "நிஜமாவே தெரியாதா?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். திருவிழாக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டவன் போல் சிரித்தான்.

திருட்டுச் சாமானா?

பிறகு அந்தத் தாய் மெல்லிய குரலில் தம் குறையைச் சொன்னார். முன்பெல்லாம் பையன் வகுப்பில் கேள்விக்கு மேல் கேள்வி கேட்பானாம். 'அதிகப்பிரசங்கி' என்று பெயர் வாங்கினான். மற்றப் பையன்கள் அதையே பட்டப் பெயராக்கிக் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. கணக்கில் எப்போதும் நூறு வாங்குகிறவன், எழுபதும் எழுபத்தைந்துமாக வாங்கி வந்தான்.

"என்னடா ஆச்சுன்னு கேட்டேன் சார். 'நூறு வாங்கினா யாரும் விளையாட்டிலே சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. அதனாலே நாலு கணக்கைத் தெரிஞ்சே தப்பாப் போட்டேன்'னு சொல்றான். சாமி நல்ல புத்தியைக் குடுத்திருக்கு. இவன் அதை ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறான். அது என்ன திருட்டுச் சாமானா சார்?"

எனக்கு ஒரு பதிலும் தோன்றவில்லை.

புத்திசாலிப் பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத தாய் இந்த நாட்டில் இல்லை. ஆனால் மிகமிகப் புத்திசாலியாக இருப்பது எப்படியிருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? எல்லாக் கணக்கும் சட்டென்று புரிந்துவிடும், பரீட்சையில் முதலாவதாக வரலாம், ராஜாவைப் போல் வாழலாம் என்பதுதான் நம்முடைய எண்ணம். இது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு. தூரத்திலிருந்து மலையைப் பார்ப்பது போலத்தான்.

உள்ளே இருப்பவனுக்கு வேறு விதம். நாலு பேராகச் சேர்ந்து நடக்கிறோம். ஒருவனுக்கு மட்டும் கால் மிக நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தன் போக்கில் நடந்தால் சற்று நேரத்தில் தனியாகிவிடுவான். மற்றவர்களுடன் நடக்க வேண்டுமானால் ஒவ்வோர் அடியையும் குறுக்கி வைக்க வேண்டும். நாள் முழுவதும் அப்படிக் குறுக்கி நடந்தால் கால் வலிக்காதா? அந்தப் பையன் தெரிந்தே தப்பாகப் போட்ட கணக்குகள் அப்படிக் குறுக்கி வைத்த அடிகள்தான்.

இதை அமெரிக்காவில் ஒரு பெண்மணி வருஷக் கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். லீட்டா ஹாலிங்வொர்த் என்பது அவர் பெயர். மனோதத்துவப் பேராசிரியை. அறிவுச் சோதனையில் 180-க்கு மேல் வாங்கும் அபூர்வக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். அவர் காலமான பிறகு 1942-ல் அந்த ஆராய்ச்சி புத்தகமாக வந்தது. சராசரிக்கு ஓரளவு மேலே இருக்கும் குழந்தைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள்; தலைவர்களாகவும் ஆகிறார்கள். எட்டாத உயரத்தில் இருப்பவர்களுக்கோ, சிறு பிராயத்தில் சிநேகிதர்கள் கிடைப்பதுதான் பெரும் கஷ்டம் என்று அவர் கண்டார். அவர்களுக்குச் சம வயதுக் குழந்தைகளின் விளையாட்டு அலுத்துவிடுகிறது. இவர்கள் சொல்லும் விளையாட்டோ அந்தக் குழந்தைகளுக்குப் புரிவதில்லை.

அதே நாட்டில் வில்லியம் ஜேம்ஸ் ஸைடிஸ் என்று ஒரு பையன் இருந்தான். 1909-ல், பதினோராவது வயதில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தான். சில மாதங்களுக்குள் கணிதப் பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று நான்காவது பரிமாணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். பத்திரிகைகள் அவனை விடாமல் துரத்தின. வளர்ந்த பிறகு அவன் என்ன ஆனான் தெரியுமா? தன்னை யாரும் கண்டுகொள்ளாத இடமாகத் தேடித் தேடி, கூட்டல் இயந்திரத்தைத் தட்டும் சாதாரண குமாஸ்தா வேலைகளைச் செய்தான். டிராம் வண்டி டிக்கட்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தான். 1944-ல் நாற்பத்தாறாவது வயதில் இறந்தான். காட்சிப் பொருளாக இருந்து களைத்துப் போனவன் அவன். உலகம் அவனைப் பார்த்துப் பிரமித்ததே தவிர, கூட நடக்க யாரும் வரவில்லை.

எந்தக் கிருஷ்ணன்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் தாயும் மகனும் கோயிலுக்குப் போனார்கள். போவதற்கு முன் பையனின் விலாசத்தை வாங்கிக்கொண்டேன். "உன் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து எழுதுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவசரப்பட்டு விட்டோமோ என்று பிறகு தோன்றியது.

பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றபோதுதான் பளிச்சென்று ஒரு ஞாபகம் வந்தது. ஒளி எப்படிச் சிதறுகிறது, எந்தப் பொருளில் பட்டு என்ன நிறமாகிறது என்று உலகத்துக்கே சொன்ன இருவரில் ஒருவர் இந்த வட்டாரத்துக்காரர் அல்லவா? இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லவா?

பால்கோவாக் கடையில் விசாரித்தேன். "கே. எஸ். கிருஷ்ணன் தெரியுமா? இந்தப் பக்கத்துக்காரர்தான்."

கடைக்காரர் கோவாவை நிறுத்தபடியே, "எந்தக் கிருஷ்ணன்? கோயிலுக்குள்ளே இருக்கிறவரா, வெளியிலே இருக்கிறவரா?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் தம்மை மறக்கும்படியாகவே வாழ்ந்துவிட்டுப் போனவர்.

1898 டிசம்பர் 4-ந் தேதி, இங்கிருந்து மலையடிவாரத்தை ஒட்டிப் போனால் வருகிற வத்திராயிருப்பில் பிறந்தார். 'வத்றாப்' என்றால்தான் பஸ் கண்டக்டருக்குப் புரியும். தகப்பனார் விவசாயம் பார்த்தவர். தமிழும் சமஸ்கிருதமும் நன்கு கற்ற வைஷ்ணவர். பையன் வத்திராயிருப்பிலும், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான்.

பள்ளியில் அவருக்கு வாய்த்த ஓர் ஆசிரியரைக் கிருஷ்ணன் கடைசி வரை மறக்கவில்லை. அந்த ஆசிரியர் பெரிய விஞ்ஞானி அல்ல. ஆனால் எதைக் கற்பித்தாலும் அதில் அவருக்கே ஆசை இருந்தது. ஒரு நாள் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பாடமாக நடத்தினார். கேட்ட பையன் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. பொருள்களின் அடர்த்தியை அளப்பதற்குத் தானே ஒரு கருவி செய்துவிட்டான்! ஏறக்குறைய அதே மாதிரிக் கருவியை நிக்கல்சன் என்ற வெள்ளைக்காரர் முன்பே செய்திருக்கிறார் என்பது பையனுக்குத் தெரியாது.

இப்படி ஒரு காரியத்தைச் செய்த பையனை 'அதிகப்பிரசங்கி' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவனும் நாலு கணக்கைத் தெரிந்தே தப்பாகப் போட்டிருப்பானோ என்னவோ!

மத்தியானச் சாப்பாட்டு வேளை

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்துத் தேறிய கிருஷ்ணனுக்கு, சென்னையில் அதே கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவில் செய்முறை விளக்குநராக ஒரு சின்ன உத்தியோகம் கிடைத்தது. அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை, இந்தக் கட்டுரைக்கே ஆணிவேர் என்று சொல்வேன்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் மேடையும் மாலையும் அல்ல. பௌதிகமோ, ரசாயனமோ, கணிதமோ, யாருக்கு எதில் சந்தேகம் இருந்தாலும் வந்து கேட்கலாம். இன்ன கேள்விதான் கேட்கலாம் என்று வரம்பு இல்லை. விஷயம் பரவியது. வேறு கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வரத் தொடங்கினார்கள்.

நீளமான கால் உள்ளவனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவன் தனியாகிவிடாமலிருக்க ஒரு வழி, அடியைக் குறுக்கிக்கொள்வது. இன்னொரு வழி, எல்லோரும் உட்கார்ந்து பேசும்படியாக ஒரு மர நிழலைக் கண்டுபிடிப்பது. உட்கார்ந்துவிட்டால் யார் காலும் நீளம் இல்லை! கிருஷ்ணன் கண்டுபிடித்தது அந்த மர நிழலைத்தான்.

இதற்கு எதிரான நிலைமை எப்படியிருக்கும் என்பதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. கணித மேதை ராமானுஜனை எண்ணிப் பாருங்கள். கிருஷ்ணனைவிடப் பதினோரு வயது மூத்தவர். கும்பகோணத்தில் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். காகிதம் வாங்கக் காசில்லாததால் முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதுவார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் கும்பகோணத்தில் ஒரு முறை, சென்னையில் ஒரு முறை, எஃப். ஏ. படிப்பில் தவறிப் போனார். அவர் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு. அது சரியா, தவறா, புதியதா, பழையதா என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, கடல் கடந்து ஹார்டி என்ற முன்பின் தெரியாத ஓர் ஆங்கிலேயருக்குக் கடிதம் எழுதினார். உதவி கேட்டு எழுதிய கடிதம் அது. ஆனால் "நான் சொல்வது உமக்காவது புரிகிறதா?" என்ற ஏக்கமும் அதற்குள் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. புரிந்தது. அதற்குப் பிறகுதான் உலகத்துக்கு ராமானுஜன் கிடைத்தார்.

மேதைக்குச் சோறு வேண்டும், புஸ்தகம் வேண்டும், சம்பளம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் பேச்சைக் கேட்க ஒரு காது வேண்டும்.

இரவு ஒன்பது மணி

கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞானச் சங்கத்தின் ஆராய்ச்சி சாலையில் சர் சி. வி. ராமன் ஒளியின் பின்னால் பித்துப் பிடித்து அலைந்துகொண்டிருந்தார். 1921-ல் சீமையிலிருந்து கப்பலில் திரும்பியபோது, 'கடல் ஏன் நீலமாக இருக்கிறது?' என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. வானத்தின் நிழல்தான் கடலின் நீலம் என்று அதுவரை பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அப்படியல்ல, தண்ணீரே ஒளியைச் சிதற அடிக்கிறது என்று ராமன் காட்டினார். பஸ்ஸில் வந்த பையன் மலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இது அண்ணன் முறை ஆகவேண்டும்!

1923-ல் ராமனுடைய ஆராய்ச்சியில் சேர்ந்த கிருஷ்ணன், அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களைத் தூசு தும்பு இல்லாமல் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் ஒளியை எப்படிச் சிதற அடிக்கிறது என்று அளந்தார். நடுவில் அவருடைய மனம் ஏட்டுக் கணக்குகளிலேயே ஆழ்ந்துவிட்டது. சோதனையை விட்டு நெடுநாள் விலகியிருப்பது விஞ்ஞானிக்கு நல்லதல்ல என்று ராமன் வற்புறுத்தி, 1928-ன் தொடக்கத்தில் அவரை மறுபடியும் ஆராய்ச்சி மேஜைக்கு இழுத்து வந்தார்.

அந்தப் பிப்ரவரி மாதத்தில் நடந்தவற்றைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடித் தட்டில் வடிகட்டி, ஒரே நிறமாக்கித் திரவத்துக்குள் செலுத்துவார்கள். வெளியே வருவதை வேறு நிறத் தட்டு வழியாகக் கண்ணால் பார்ப்பார்கள். உள்ளே போன நிறம் அந்த இரண்டாவது தட்டில் முழுக்க அடைபட்டுவிடும். இருட்டுத்தான் தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஒரு கீற்று தெரிந்தது! உள்ளே போகாத ஒரு நிறம் வெளியே வந்திருக்கிறது. சிதறும் ஒளியிலேயே ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் இப்படி நிறம் மாறுகிறது. அதைக் கண்ணால் பிடித்தார்கள்.

பிப்ரவரி 7-ந் தேதி இரவு ஒன்பது மணி இருக்கும். கிருஷ்ணன் வீட்டு வாசலில் யாரோ கூப்பிடும் குரல். இறங்கி வந்து பார்த்தால் ராமன் நிற்கிறார்! காலையில் பார்த்தது என்ன என்பது அவருக்கு விளங்கிவிட்டது. விடியும் வரை பொறுக்கவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால் புரிந்துகொள்கிறவனிடம் சொல்ல வேண்டும். இரண்டு தமிழர்களும் கல்கத்தாவில் அந்த இருட்டில் வாசலிலேயே நின்று கால் மணிக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகா புத்திசாலியாக இருப்பதில் உள்ள பரம சுகம் எது என்று என்னைக் கேட்டால், இந்தக் கால் மணி நேரம்தான் என்பேன்.

பரிசும் மௌனமும்

மார்ச் 31-ந் தேதி 'நேச்சர்' பத்திரிகையில் புதிய ஒளியைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. அடியில் இரண்டு பெயர்கள்: ராமன், கிருஷ்ணன். 1930-ல் நோபல் பரிசு வந்தது. ஒரே பெயருக்கு.

ராமனுக்குக் கிடைத்ததில் அநியாயம் ஒன்றுமில்லை. கேள்வி அவருடையது, ஏழு வருஷ வேட்கை அவருடையது. பரிசு வாங்கியபோது நிகழ்த்திய சொற்பொழிவில் கிருஷ்ணனின் பெயரையும் அவர் குறிப்பிட்டார். ஆனாலும், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று அந்த மங்கல் கீற்றைக் கண்ணால் கண்டவரின் நெஞ்சில் அன்று என்ன இருந்திருக்கும்? கண்டுபிடிப்புக்கு 'ராமன் விளைவு' என்றே பெயர் நிலைத்தது. பிப்ரவரி 28-ந் தேதியைத் தேசிய அறிவியல் தினமாக நாடு 1987 முதல் கொண்டாடுகிறது. பள்ளிக்கூடத்தில் ராமன் படம் வைக்கிறார்கள். கிருஷ்ணன் படத்தை நான் அதிகமாகக் கண்டதில்லை.

கிருஷ்ணன் சண்டைக்குக் கொடி பிடிக்கவில்லை. 1928 கடைசியிலேயே டாக்கா சர்வகலாசாலைக்குப் போய், முற்றிலும் வேறு துறையில் இறங்கிவிட்டார். ஒரு படிகத்தை மெல்லிய இழையில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தத்துக்கு நடுவே வைத்தால் அது எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் வரிசையைச் சொன்னார். 1933-ல் கல்கத்தாவுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1942-ல் அலகாபாத். 1947-ல் டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டர். 1954-ல் பத்மபூஷண். 1961 ஜூன் 14-ந் தேதி அவர் காலமானபோது அறுபத்திரண்டு வயது.

இத்தனைக்கும் நடுவில் தமிழ் இலக்கியத்தையும் சமஸ்கிருதத்தையும் அவர் விடவில்லை. அவருக்கு அறுபது நிறைந்தபோது பிரதமர் நேரு பேசியதன் சாரம் இது: கிருஷ்ணன் பெரிய விஞ்ஞானி என்பது விசேஷமல்ல, அவர் ஒரு முழு மனிதர் என்பதே விசேஷம். சந்திக்கும்போதெல்லாம் அவர் ஒரு புதிய கதை சொல்லாமல் விட்டதில்லை என்றும் நேரு சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தார். வத்திராயிருப்பின் கதைகள் பிரதமரின் வீடு வரை போயிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கோயிலில் ஒரு பட்டாசாரியார் பெரியாழ்வார் கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நேயர்கள் அறிந்த கதைதான். நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர், பாண்டியன் சபையில் மகாபண்டிதர்களை எல்லாம் வாதில் வெல்கிறார். பொற்கிழி தானே தாழ்ந்து கொடுக்கிறது. யானை மேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். அப்போது பெருமாள் காட்சி கொடுக்கிறார். விஷ்ணுசித்தர் தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை, 'உனக்குக் கண்பட்டுவிடுமே!' என்று பெருமாளுக்கே பல்லாண்டு வாழ்த்துச் சொல்கிறார். பிறகு? நந்தவனத்துக்கே திரும்பி வந்து பூப்பறிக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வைஷ்ணவப் பிள்ளைதான் கிருஷ்ணன். யானையிலிருந்து இறங்கிய பிறகு நந்தவனத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமாக இருந்திராது.

காது கேட்க வேண்டும்

இப்போது ராஜபாளையத்துப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். வெள்ளை ஒன்றையே குறியாக வைத்து வளர்த்ததில் சில குட்டிகளுக்குக் காது போயிற்று. நாமும் இன்று மார்க்கு ஒன்றையே குறியாக வைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறோம். பார்க்க ராஜா மாதிரி நிற்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் கூப்பிட்டால் திரும்புகிறார்களா?

இன்னொரு பக்கமும் உண்டு. மார்க்கு என்னும் முழக்கோல் எல்லாவற்றையும் அளந்துவிடுவதில்லை. 1921-ல் அமெரிக்காவில் டெர்மன் என்ற பேராசிரியர் அறிவுச் சோதனை வைத்து ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளை மேதைகள் என்று பொறுக்கி எடுத்தார். அந்தச் சோதனையில் தேறாமல் வெளியே நின்ற பையன்களில் இரண்டு பேர் ஷாக்லியும் அல்வாரெஸும். முன்னவர் 1956-லும் பின்னவர் 1968-லும் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். பொறுக்கி எடுத்தவர்களில் ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை!

ஆகையால் உங்கள் வீட்டுப் பிள்ளை மேதையா இல்லையா என்று அளந்து பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அவன் கேள்வி கேட்டால் காது கொடுங்கள். பதில் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறைந்துவிடாது. தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கைப்பிடித்து அழைத்துப் போங்கள். ஒரே மாதிரிக் கிறுக்குப் பிடித்த இன்னொரு பையனோ, பெண்ணோ இருந்தால் சேர்த்து விடுங்கள். ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளை போதும்.

ஊர் திரும்பியதும் கல்லூரிப் பௌதிக ஆசிரியராக இருக்கும் சிநேகிதர் ஒருவரைப் பிடித்து, மலை விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பையனுக்குக் கடிதம் எழுதினேன்.

'தம்பி, உனக்கும் மலைக்கும் நடுவில் இருப்பது வெறும் வெளி அல்ல, காற்று. சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. காற்றின் நுண்ணிய அணுத்திரள்கள் அதில் நீலத்தைத்தான் அதிகமாகச் சிதற அடிக்கின்றன. வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். மலை தூரமாக ஆக, நடுவில் காற்று அதிகம். சிதறி உன் கண்ணுக்கு வரும் நீலமும் அதிகம். நீ சொன்னது சரி. தூரத்துக்கும் நிறத்துக்கும் கணக்கு இருக்கிறது. நீ பார்த்தது மலையின் நிறம் மட்டுமல்ல, நடுவில் இருக்கும் காற்றின் நிறமும்தான். இதைப் போன்ற கேள்விகளிலேயே ஆயுளைக் கழித்த ஒருவர் நீ பஸ்ஸில் வந்து இறங்கிய ஊரில்தான் படித்தார்' என்று எழுதி, கிருஷ்ணனின் கதையையும் சேர்த்தேன்.

பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. முத்து முத்தான எழுத்து.

'மாமா, கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் வகுப்பில் இன்னொரு பையனுக்கும் காட்டினேன். அவனும் மலையைப் பார்த்திருக்கிறானாம். ஆனால் யாரிடமும் கேட்கவில்லையாம். இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சந்தேகம் கேட்கிறோம். நிலாவில் காற்று இல்லையே? அப்படியானால் அங்கே தூரத்து மலை நீலமாகத் தெரியாதே? எது பக்கம், எது தூரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?'

சிநேகிதரிடம் ஓடினேன். அவர் கார்டை இரண்டு தரம் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். 1971-ல் அப்போலோ 14-ல் போய் நிலாவில் இறங்கிய இருவர் ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பைத் தேடி நடந்தார்களாம். காற்று இல்லாததால் எல்லாம் ஒரே துல்லியமாகத் தெரிந்து, தூரம் மட்டிடவே முடியாமல் திண்டாடி, விளிம்புக்கு மிக அருகில் போயும் அதைக் காணாமலே திரும்பிவிட்டார்களாம்.

கார்டில் எனக்குப் பிடித்தது நிலா அல்ல. 'நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து' என்று இருந்ததே, அந்த இடம்தான்.